கடலோர வீட்டின் வெளிச்சுவரைக் கழுவ ஆள் கூப்பிடுவதற்கு முன்னால்

கொட்டிவாக்கத்தில் எங்கள் வீடு கடலில் இருந்து மூன்று தெரு தள்ளி இருக்கிறது. பெயிண்ட் அடித்து இரண்டே மழைக்காலம்தான், வடக்குச் சுவர் முழுக்கக் கறுத்துப்போய், சன்ஷேடுக்குக் கீழே கோடு கோடாக மை வழிந்த மாதிரி ஆகிவிட்டது. பிரஷர் வாஷ் செய்கிறோம் என்று வந்தவர்கள் மிஷினை ஆன் செய்து, முனையைச் சுவருக்கு அரை அடியில் பிடித்து அடித்தார்கள். கறுப்பு போனது. கூடவே பெயிண்டும் போனது. ஜன்னல் ஓரத்துப் பூச்சு பொலபொலவென்று உதிர்ந்து, கடைசியில் நான் கூட்டி அள்ளியது அரை பக்கெட் மணல். கறையை எடுக்க வேண்டியது மருந்து, தண்ணீரின் வேகம் இல்லை என்பது அதற்கு அப்புறம்தான் புரிந்தது.

முதலில் சுவரில் இருப்பது என்ன என்று பாருங்கள். காது குடையும் பஞ்சுக் குச்சியை ப்ளீச்சிங் தண்ணீரில் நனைத்துக் கறுப்பின் மேல் ஒற்றி வையுங்கள். சில நிமிடத்தில் வெளுத்தால் அது பாசி அல்லது பூஞ்சை. வெளுக்கவில்லை என்றால் புகை, தூசி மாதிரி ஏதாவது. அதற்குச் சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும் போதும். சென்னைப் பக்கம் வடக்குச் சுவர் அதிகம் கறுப்பதற்குக் காரணம் இருக்கிறது. அக்டோபரில் இருந்து டிசம்பர் வரை சூரியன் தெற்கே சாய்ந்துவிடும், அந்தச் சுவருக்கு வெயிலே கிடையாது, அதே மாதங்களில்தான் வடகிழக்குப் பருவமழை அந்தப் பக்கமிருந்து சாரல் அடிக்கிறது. பாசிக்கு இதைவிட என்ன வேண்டும்?

கறுப்பு இல்லாமல் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி பூத்து, தொட்டால் பொடியாக உதிர்ந்தால் அது உப்பு. அந்த இடத்தில் முதலில் தண்ணீர் படவே கூடாது. உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே இறங்கிவிடும், காய்ந்ததும் மறுபடி பூக்கும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, உதிர்ந்ததைக் கூட்டி எடுத்துவிட்டு, ஓதம் எங்கிருந்து ஏறுகிறது என்று கொத்தனாரை வைத்துப் பாருங்கள். கழுவுகிற ஆளுக்கு அங்கே வேலை இல்லை.

வருகிறவர்களிடம் நான் கேட்கிற முதல் கேள்வி, என்ன மருந்து கொண்டு வருகிறீர்கள். "ஆசிட் அடிச்சா பளிச்சுன்னு ஆயிடும் சார்" என்றால் அங்கேயே அனுப்பிவிடலாம். ஆசிட் சிமெண்டுப் பூச்சை அரிக்கும். அதைவிட மோசம், அதே சுவரில் ப்ளீச்சிங்கும் இருந்தால் இரண்டும் சேர்ந்து குளோரின் வாயு கிளம்பும், அது நுரையீரலைப் பதம் பார்க்கும். பாத்ரூம் கழுவுகிற ஆசிட் பாட்டில்கூட அன்றைக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது.

சரியான மருந்து ஹைப்போ, அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட். கேனில் 10 சதவீதம் என்று போட்டிருந்தால் 1 லிட்டருக்கு 9 லிட்டர் தண்ணீர் கலந்தால் 1 சதவீதம் வரும், பெரும்பாலான பாசிக்கு அதுவே போதும். கேனில் தயாரித்த தேதியைப் பாருங்கள், வெயிலில் கிடந்த பழைய ஹைப்போவில் வீரியம் பாதிகூட இருக்காது. ப்ளீச்சிங் பவுடர்தான் கிடைக்கிறது என்றால் 10 லிட்டருக்கு 300 கிராம் சொச்சம் கரைத்து, அடியில் சுண்ணாம்பு தங்கும்வரை விட்டு, மேலே தெளிந்ததை மட்டும் எடுக்க வேண்டும். கலங்கலோடு அடித்தால் சுவரில் வெள்ளைத் திட்டு நிற்கும். பாத்திரம் கழுவும் லிக்விடை இதில் ஊற்றச் சொல்லும் ஆட்கள் உண்டு, வேண்டாம். அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

அடிக்கிற முறை: முதலில் செடிகளை நன்றாக நனைத்துவிடுங்கள். மருந்தைக் கைத் தெளிப்பானால் கீழிருந்து மேலே அடிக்க வேண்டும், மேலிருந்து தொடங்கினால் காய்ந்த சுவரில் மருந்து வழிந்து கோடு விழும். பத்துப் பதினைந்து நிமிடம் சும்மா விடுங்கள். இந்தப் பதினைந்து நிமிடம்தான் மொத்த வேலையும், ஆனால் ஆட்களுக்குச் சும்மா நிற்கப் பொறுக்காது, பிரஷ்ஷை எடுத்துவிடுவார்கள், டீ வாங்கிக் கொடுத்து உட்கார வையுங்கள். மருந்து காயவும் கூடாது. அதனால் மே மாத வெயிலில் இந்த வேலை ஆகாது, பொங்கல் முடிந்து ஜனவரி பிப்ரவரிதான் வசதி. பிறகு மேலிருந்து கீழே கழுவ வேண்டும்.

கழுவ மிஷின் இருக்கட்டும், தப்பில்லை. வெள்ளை நிற முனை, அதாவது 40 டிகிரி விரிந்து அடிப்பது, அதைப் போட்டு இரண்டடி தள்ளி நின்று அடித்தால் சரி. சிவப்பு முனை தண்ணீரை ஒரே கோடாகப் பாய்ச்சும், அது உங்கள் சுவர்ப் பக்கமே வரக் கூடாது. ஜன்னல் இடுக்கிலும் வெடிப்புகளிலும் நேராக அடிக்க விடாதீர்கள், உள்ளே போன தண்ணீர் பத்து நாள் கழித்து ஹாலில் தெரியும்.

கழுவுகிற தண்ணீரைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. எங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பு. பாசியை எடுத்துவிட்டு அந்தத் தண்ணீரிலேயே அலசினால் சுவருக்கு உப்பு பூசின கணக்குத்தான். மிஷின் நிமிடத்துக்கு 6, 7 லிட்டர் இழுக்கும், ஒரு மணி நேரத்துக்கு 400 லிட்டர் ஆகிவிடும், அதனால் மெட்ரோ தண்ணீரோ லாரித் தண்ணீரோ முதல் நாளே பிடித்து வையுங்கள். சம்ப்பின் மூடி இறுகியிருக்கிறதா பாருங்கள். மழைநீர் சேகரிப்புக் குழிக்குப் போகும் வாயையும் அன்றைக்குச் சாக்கை வைத்து அடைத்துவிடுங்கள், மருந்துத் தண்ணீர் நிலத்தடிக்கு இறங்க வேண்டாம். அந்தச் சுவரில் இருக்கும் ஏசி, வெளி லைட் எல்லாவற்றுக்கும் சுவிட்ச் ஆஃப், மீட்டர் பாக்ஸுக்கு பிளாஸ்டிக் உறை. இரும்புக் கிரில்லில் மருந்து பட்டிருந்தால் கூடுதலாக இரண்டு தடவை அலசச் சொல்லுங்கள், கடல் காற்று தின்பது போதாதென்று குளோரினும் சேர்ந்துகொள்ளும்.

சாரம் கட்டி ஆள் மேலே இருக்கும்போதே சன்ஷேட் விளிம்புக்கு அடியில் ஒரு சின்னப் பள்ளம் ஓடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சொட்டுகிற தண்ணீர் சுவருக்கு வராமல் அங்கேயே விழுவதற்குத்தான் அது. எங்கள் வீட்டில் பெயிண்டர்கள் அதைப் பட்டி பார்த்தே மூடியிருந்தார்கள். சுரண்டித் திறந்துவிட்டதும் மறு வருஷம் அந்த மைக்கோடு பாதிதான் வந்தது.

பணத்தில் கொஞ்சம் பிடித்து வையுங்கள். ஈரச் சுவர் எப்போதும் சுத்தமாகத்தான் தெரியும். இரண்டு நாள் காயவிட்டு, காலையில் வெயில் சாய்வாக விழுகிற நேரத்தில் ஒருமுறை சுற்றி வாருங்கள். விட்டுப்போன திட்டெல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். அந்த இடங்களில் இன்னொரு தடவை மருந்து அடித்துக் கழுவியதும் மீதியைக் கொடுங்கள்.