மோகனத்தைப் பிடித்துக்கொண்டு நியூயார்க் பில்ஹார்மோனிக் கதையைக் கேட்பது எப்படி

ஆடி பிறந்துவிட்டால் கல்யாண வாசிப்பு கிடையாது, அம்மன் கோயில் வேலை மட்டும்தான். குத்தாலம் பக்கத்தில் நாகஸ்வரம் வாசிக்கிற எனக்கு, அந்த மாதத்துப் பகல் பொழுதுதான் அடுத்தவர் வாசிப்பை உட்கார்ந்து கேட்கிற நேரம். மூன்று ஆடியாக நான் கேட்டுவருவது நியூயார்க் பில்ஹார்மோனிக். 1842-இல் தொடங்கி இன்றுவரை நடக்கிற சிம்பொனிக் குழு அது, பல வாத்தியக்காரர்கள் சேர்ந்து மேற்கத்திய இசை வாசிக்கிற பெரிய குழு. அதன் கதையைத் தெரிந்துகொள்ள எங்கே ஆரம்பிப்பது என்று என்னிடம் படிக்கிற பையன்கள் கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

யார் யார் எந்த வருடம் குழுவின் முன்னால் நின்று கையசைத்து வாசிப்பை நடத்தினார்கள் என்ற பட்டியலை மனப்பாடம் செய்யாதீர்கள். முதல் வருடம் நான் அப்படித்தான் செய்தேன், ஆவணிக்குள் எல்லாம் மறந்துபோயிற்று. ஒரே ஒரு உருப்படியைப் பிடித்துக்கொள்ளுங்கள். அது எந்தெந்த வருடம், யார் கையில், எந்த ஊரில் ஒலித்தது என்று பின்னாலேயே போங்கள். நான் பிடித்தது செக் நாட்டு இசையமைப்பாளர் ட்வோர்ஷாக்கின் ஒன்பதாவது சிம்பொனி, 'புதிய உலகிலிருந்து'. சிம்பொனி என்றால் இப்படிப்பட்ட குழுவுக்காகப் பல பாகங்களாக எழுதிய நீண்ட உருப்படி. அவர் நியூயார்க்கில் இசைப்பள்ளி ஒன்றுக்குத் தலைவராக இருந்தபோது எழுதியது. 1893 டிசம்பரில் அந்த ஊர்க் கார்னெகி ஹால் அரங்கில் முதன்முதலாக அரங்கேற்றியது இந்தக் குழுதான், நடத்தியவர் ஆண்டன் சைடல்.

முழுதும் கேட்க முக்கால் மணி நேரம் ஆகும். முதல் நாளே அது வேண்டாம். இரண்டாவது பாகத்தை மட்டும் ஹெட்செட்டில் போடுங்கள். பித்தளை வாத்தியங்கள் மெதுவாக, கனமாகச் சில கூட்டுச் சுரங்களைப் பிடித்து அடங்கும். அப்புறம் இங்கிலீஷ் ஹார்ன் என்ற மரக்குழல் வாத்தியம் தனியாக எழும்: க ப ப, க ரி ஸ, ரி க ப க ரி. வாய்விட்டுப் பாடிப் பாருங்கள், நம் காதுக்கு அது மோகனம். அவர் மோகனம் என்று நினைத்து எழுதவில்லை, கமகமும் கிடையாது. ஆனால் அந்த 'ப'வில் அவர்கள் நின்று மூச்சு விடுகிற விதத்தைக் கேளுங்கள். எனக்கு முதல் தடவை கண் கலங்கிவிட்டது.

அந்த வாத்தியத்தின் வாயில் இருப்பதும், நாகஸ்வரத்தின் வாயில் நாம் செருகுகிற சீவாளிக்குச் சொந்தம்தான். இரண்டு பட்டையாகச் சீவிய நாணல், நடுவே மூச்சுக்கு ஒரு கீற்று. திருவாவடுதுறையில் கொறுக்கைத் தட்டையில் சீவாளி கட்டுகிறவர் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்து இதைக் கேட்டால், சத்தம் எங்கே பிறக்கிறது என்பது புரியும். அவர்கள் கச்சேரி தொடங்குமுன் ஓபோக்காரர் ஒரு சுரம் கொடுக்க, மற்றவர்கள் அதோடு சேர்த்துக்கொள்வார்கள். ஓபோ என்பது இங்கிலீஷ் ஹார்னின் சின்ன உறவு, அதற்கும் இரட்டை நாணல்தான். நம் செட்டில் சுருதி பிடிக்கிற ஒத்துக்காரர் விடாமல் பிடித்திருப்பதை அவர் தொடக்கத்தில் மட்டும் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்.

சரி, காது பழகிவிட்டது. இனி கண்ணுக்கு வேலை. இந்தக் குழு தன் பழைய நிகழ்ச்சித் தாள்களை 1842-லிருந்து படம் பிடித்து இணையத்தில் இலவசமாகத் திறந்துவைத்திருக்கிறது. அவர்களுடைய டிஜிட்டல் ஆவணக் காப்பகத்தில் ட்வோர்ஷாக் பெயரை ஆங்கிலத்தில் தட்டி, நிகழ்ச்சித் தாள்களைத் தேடுங்கள். ஒரு நோட்டில் வருடம், நடத்தியவர், அரங்கம் என்று மூன்று கட்டம் போட்டு எழுதிக்கொண்டே வாருங்கள். பத்துப் பதினைந்து வரி எழுதியதுமே கேள்விகள் தாமாக வரும். 1893-இல் அந்தக் குழுவுக்குச் சொந்தக்காரர் யார்? வாத்தியக்காரர்களேதான். வருட முடிவில் வந்த வருமானத்தைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டார்கள். திருவிழா முடிந்து மண்டபத்துத் திண்ணையில் நம் செட்டுக்காரர்கள் பங்கு பிரிப்பதை நினைத்துக்கொண்டால் போதும், அந்த நாட்கள் அந்நியமாகத் தெரியாது. 1909-இல் அந்த ஏற்பாடு மாறியது. பணம் படைத்தவர்கள் பொறுப்பேற்றுக்கொண்டு இசையமைப்பாளர் குஸ்டாவ் மாலரை நடத்துநராகக் கொண்டுவந்தார்கள். 1911-இல் அவர் இறந்துபோனார். 1928-இல் அதே ஊரின் இன்னொரு சிம்பொனிக் குழு இதோடு இணைந்தது.

அப்புறம் வந்த நடத்துநர் லெனர்ட் பெர்ன்ஸ்டைனிடம் வரும்போது அவசரப்படாதீர்கள். 1943 நவம்பர் 14 அன்று நடத்தவேண்டிய புரூனோ வால்டருக்கு உடம்பு சரியில்லை. அப்போது 25 வயதுத் துணை நடத்துநராக இருந்த பெர்ன்ஸ்டைன் ஒத்திகை இல்லாமல் மேடை ஏறினார். நாடு முழுக்க வானொலியில் போய்க்கொண்டிருந்த கச்சேரி அது. குரு வரமுடியாத நாளில் சிஷ்யன் முன்வரிசைக்கு நகர்ந்து வாசிப்பது நம் ஊரிலும் நடக்கிறதுதான். எனக்கும் ஒரு தேரோட்டத்தில் நடந்தது. சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கிற மல்லாரியைத் தொடங்குமுன் நாக்கு வறண்டதை இன்னும் மறக்கவில்லை. பெர்ன்ஸ்டைன் குறிப்பு எழுதிய சுரப்புத்தகங்களும் அதே காப்பகத்தில் இருக்கின்றன. ஒரு பக்கத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சிவப்புப் பென்சிலில் இருப்பது வாத்தியக்காரர்களின் தாள்களுக்குப் போகவேண்டியது, நீலம் அவர் தனக்கே எழுதிக்கொண்டது. 1962-இல் அவர் இதே ஒன்பதாவது சிம்பொனியைப் பதிவு செய்திருக்கிறார், அதைத் தேடிக் கேளுங்கள். அந்த வருடம்தான் குழு கார்னெகி ஹாலை விட்டு, அதே ஊரில் லிங்கன் சென்டர் என்ற கலை வளாகத்தில் கட்டிய புது அரங்குக்குக் குடிபோனது. அங்கே ஒலி சரியாக அமையவில்லை. திரும்பத் திரும்ப இடித்துக் கட்டி, கடைசியாக 2022-இல் திறந்தார்கள். பிராகாரத்தில் வாசிப்பதற்கும் தகரப் பந்தலில் வாசிப்பதற்கும் உள்ள வித்தியாசம் தெரிந்த யாருக்கும் அந்த அறுபது வருடத் தவிப்பு விளங்கும்.

1978 முதல் 1991 வரை இசை இயக்குநராக இருந்தவர் பம்பாயில் பிறந்த ஜூபின் மேத்தா. அந்தக் காலத்துத் தாள்களில் ரவிசங்கர் பெயரையும் பார்ப்பீர்கள்.

கடைசியாக 2008 பிப்ரவரிக்கு வாருங்கள். அப்போதைய இசை இயக்குநர் லோரின் மாசெல் குழுவை வட கொரியாவின் பியோங்யாங்குக்கு அழைத்துப்போனார். அன்றைய நிகழ்ச்சியில் இந்தச் சிம்பொனியும் இருந்தது. அந்தப் பதிவு கிடைத்தால் இரண்டாவது பாகத்தைப் போடுங்கள், கூடவே 1962 பதிவில் அதே இடத்தையும். இரண்டிலும் முதல் 'க ப ப' எத்தனை நொடி நிற்கிறது என்று கைபேசிக் கடிகாரத்தில் பார்த்து, நோட்டில் நாலாவதாக ஒரு கட்டம் போட்டு எழுதிக்கொள்ளுங்கள்.