பழைய ரயில் பாதையில் தமிழில் வழிகாட்டுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சனிக்கிழமை காலை நடையின் முதல் தவறு பெரும்பாலும் வெள்ளிக்கிழமை சாயங்காலமே நடந்துவிடுகிறது. மறுநாள் நாற்பது பேரை அழைத்துப் போகப்போகிற பாதையை ஒரு தடவை போய்ப் பார்க்காமல் விட்டுவிடுகிறோம். "போன மாசம்தானே போனோம், அப்படியேதான் இருக்கும்" என்ற நினைப்பு.

சிங்கப்பூரில் மலாயா ரயில் ஓடிய தடம் இப்போது 24 கிலோமீட்டர் நீளமுள்ள 'ரயில் காரிடார்' என்ற நடைபாதை. மரம் விழும், மழைக்கு மண் சரியும், ஏதாவது ஒரு பகுதியில் வேலை நடக்கும். நான் தொண்டூழியராகச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் ஒரு குழுவை அழைத்துப் போனேன். பாதி வழியில் பலகை வைத்து அடைத்திருந்தார்கள். மாற்று வழி தெரியாமல் நான் கைப்பேசியில் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் எழுபத்தெட்டு வயது அம்மா ஒருவர் சாலையோரக் கட்டையில் உட்கார்ந்துவிட்டார். அவர் என்னைக் கடிந்துகொள்ளக்கூட இல்லை. அன்றிலிருந்து முந்தின நாள் நடக்காமல் நான் யாரையும் அழைத்துப் போவதில்லை. கழிப்பறை திறந்திருக்கிறதா, தண்ணீர் எங்கே கிடைக்கும், உட்கார இடம் எத்தனை நிமிடத்துக்கு ஒன்று, வழியை விட்டு வெளியேறினால் பக்கத்து எம்ஆர்டி ரயில் நிலையம் எது என்று நான்கையும் தாளில் எழுதிக்கொள்கிறேன்.

தூரத்தில் பேராசையும் வேண்டாம். 1932-இல் கட்டிய இரும்புப் பாலங்கள் இரண்டு. ஒன்று புக்கிட் தீமா ரயில் நிலையத்தின் பக்கம், இன்னொன்று வடக்கே ரயில் மால் அருகே. இரண்டையும் ஒரே காலையில் காட்டிவிட வேண்டும் என்று புதியவர்கள் துடிப்பார்கள். மூட்டுவலியோடு வருகிற தாத்தா பாட்டிக்கு ஒரு பாலமும் ஒரு நிலையமும் போதும். கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டியில் இறங்கி, நிலையத்தைப் பார்த்து, பாலத்தில் நின்று, திரும்பி வந்துவிடலாம்.

மழை விஷயத்தில் நம்மவர்களிடம் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது: "காலையிலதானே நடக்கிறோம், இடி சாயங்காலம்தான் வரும்." தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்திலும் அதையொட்டிய மாதங்களிலும் சுமத்ரா பக்கமிருந்து வரும் புயல்மழை விடியற்காலையிலிருந்து நண்பகலுக்குள்தான் அடிக்கும். இடி கேட்டதும் கூட்டம் நேரே போய் நிற்பது இரும்புப் பாலத்தின் அடியிலோ பெரிய மரத்தடியிலோதான். இரண்டும் ஆபத்து. முதல் இடிச் சத்தத்திலேயே பேச்சை நிறுத்திவிட்டுக் கட்டடத்துக்குள் அழைத்துப் போய்விடுங்கள். இன்னும் ஐந்து நிமிடம், இந்தக் கதையை மட்டும் முடித்துவிடுகிறேன் என்று இழுக்காதீர்கள்.

பாலத்தின் நடுவில் கூட்டத்தை நிறுத்தி விளக்குவதும் கூடாது. சைக்கிள்காரர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். பாலம் ஏறுவதற்கு முன்பே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, மேலே போனதும் ஓரமாக நின்று பார்க்க விடுங்கள். குரங்குக்குத் தீனி போட விடாதீர்கள், பழைய ஆணி, கல் எதையும் ஞாபகார்த்தமாக எடுக்க விடாதீர்கள். இவை எல்லாருக்கும் தெரிந்தவைதான்.

இனி பேச்சு. எனக்கு அதிகக் கவலை இதில்தான். நீலகிரியில் மலை ரயிலுக்கு அழைத்துப் போகிறவர் தப்பாக ஏதாவது சொன்னாலும் ரயில் வந்து நின்று உண்மையைக் காட்டிவிடும். இங்கே ரயில் இல்லை. 2011 ஜூன் 30 இரவு, ஜோகூர் சுல்தான் ஓட்டிய கடைசி ரயில் தஞ்சோங் பகாரிலிருந்து போய்விட்டது. பிறகு தண்டவாளத்தையும் பெயர்த்துவிட்டார்கள். நிலையத்திலும் பாலங்களிலும் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கிறார்கள். நம் குழுவில் வரும் பத்து வயதுப் பையனுக்கு அந்த ரயில் என்பது நாம் சொல்கிற சொல் மட்டும்தான். நாம் தப்பாகச் சொன்னால் அவன் வாழ்நாள் முழுக்க அதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பான்.

அடிக்கடி காதில் விழும் தப்பு ஒன்று: புக்கிட் தீமா நிலையத்தில் நின்றுகொண்டு "இந்தத் தடம் 1903-இல் போட்டது" என்பது. 1903 ஜனவரி 1-இல் திறந்தது டேங்க் ரோட்டிலிருந்து புக்கிட் தீமா வரை போன பழைய தடம். அதே ஆண்டு உட்லண்ட்ஸ் வரை நீண்டது. அங்கே இறங்கிப் படகில் ஜோகூருக்குப் போக வேண்டும், ஏனென்றால் கடற்பாலத்தில் ரயில் ஓடத் தொடங்கியது 1923-இல்தான். பழைய தடம் நகரத்துக்குள் நியூட்டன் வழியாகப் போனது. 1932-இல் புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து தெற்கே புதிதாக ஒரு தடம் போட்டு, தஞ்சோங் பகாரில் கொண்டுபோய் முடித்தார்கள். இன்றைக்கு நாம் நிற்கிற செங்கல் கட்டடமும் பக்கத்துப் பாலமும் அந்த 1932-ஐச் சேர்ந்தவை. வடக்குப் பகுதிக்குத்தான் 1903 பொருந்தும்.

நம்மவர்களுக்கு இதை மனத்தில் நிறுத்த ஒரு வழி உண்டு. தைப்பூசத்தன்று காவடி வந்து சேரும் டேங்க் ரோடு கோயிலை எல்லாருக்கும் தெரியும். "அந்தக் கோயில் பக்கத்தில்தான் முதல் ரயில் நிலையம்" என்று ஆரம்பித்தால் வயதானவர்கள் தலையாட்டுவார்கள், குழந்தைகளும் மறக்க மாட்டார்கள்.

தஞ்சோங் பகார் நிலையம் பற்றியும் ஒரு எச்சரிக்கை. முகப்பில் நான்கு பெரிய சிலைகள், வேளாண்மை, வணிகம், போக்குவரத்து, தொழில் என்ற நான்கைக் குறிப்பவை. அவற்றோடு எஃப், எம், எஸ், ஆர் என்ற எழுத்துகளும் இருக்கும். அந்த 'எஸ்' சிங்கப்பூர் என்று நினைத்துச் சொல்லிவிடுகிறார்கள். அது 'ஸ்டேட்ஸ்', அதாவது மாநிலங்களைக் குறிக்கும் எழுத்து. கூட்டு மலாய் மாநிலங்களின் ரயில்வேதான் அப்போது அதன் பெயர். நிலையம் 2011-இல் தேசிய நினைவுச்சின்னமானது. உள்ளே அழைத்துப் போவதாக வாக்குக் கொடுப்பதற்கு முன், கதவு திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கடப்பிதழ் (பாஸ்போர்ட்) கதையையும் தலைகீழாகச் சொல்லிவிடுகிறார்கள். 1998-இல் சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சோதனையை உட்லண்ட்ஸுக்கு மாற்றிக்கொண்டது. மலேசியாவின் சோதனை தஞ்சோங் பகாரிலேயே இருந்தது. ஆக, பயணி முதலில் மலேசியாவுக்குள் நுழைந்த கணக்கு முடிந்து, அப்புறம்தான் உட்லண்ட்ஸில் சிங்கப்பூரை விட்டு வெளியேறுவார். வரிசையை மாற்றிச் சொன்னால் இதில் உள்ள விந்தையே போய்விடும். அந்த ரயிலில் ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் பெண் எடுக்கவும் கொடுக்கவும் போன குடும்பங்கள் நம் குழுவில் இருக்கும். அவர்களையே சொல்லச் சொல்லுங்கள்.

அடுத்தது டோக்கன். காட்சிக்கூடத்தில் படத்தைப் பார்த்ததும் பிள்ளைகள் "இது இன்ஜின் சாவியா?" என்று கேட்பார்கள். அவசரத்தில் "ஆமாம், அது மாதிரிதான்" என்று சொல்லிவிடுகிறோம். இங்கேதான் நின்று நிதானமாகச் சொல்ல வேண்டும். ஒற்றைத் தடத்தில் எதிரெதிரே இரண்டு ரயில் வந்துவிடக் கூடாது. அதற்காகத் தடத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் இரு முனையிலுள்ள நிலையங்களில் ஆளுக்கொரு டோக்கன் பெட்டி. இரண்டும் மின்கம்பியால் பிணைந்தவை. ஒரு பெட்டியிலிருந்து ஒரு டோக்கனை எடுத்துவிட்டால், அதை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ திரும்பப் போடும்வரை இரண்டு பெட்டிகளிலிருந்தும் அடுத்தது வெளியே வராது. டோக்கன் கையில் உள்ள ஓட்டுநர் மட்டும்தான் அந்தப் பகுதிக்குள் நுழையலாம். புக்கிட் தீமாவில் ரயில் நிற்காமல் மெதுவாகக் கடக்கும்போதே, ஒரு பகுதியின் டோக்கனைக் கொடுத்து அடுத்த பகுதியின் டோக்கனை வாங்கிக்கொள்வார்கள். டோக்கன் ஒரு பையில் இருக்கும், பை ஒரு பெரிய வளையத்தில் தொங்கும். கடைசி ரயில் போகும்வரை இங்கே அதுதான் முறை.

ஒருநாள் நான் இதைச் சொல்லி, "வளையத்தைக் கையால் பிடிப்பார்கள்" என்றேன். கூட்டத்தின் பின்னாலிருந்து, முன்பு ரயில்வேயில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் முன்னே வந்தார்.

"கையால பிடிச்சா விரல் போயிரும்மா."

வலது கையை நீட்டினார். முழங்கையைக் கொஞ்சம் மடக்கி, உள்ளங்கையை மேலே தூக்கி நின்றார். "பிடிக்கிறது இல்ல. வளையத்துக்குள்ள கைய விடுறது. அது தானா ஏறி வந்து நிக்கும்." சட்டைக் கையைச் சுருட்டி, தோளுக்குக் கீழே இரண்டு விரலால் தொட்டார். "இங்கதான் அடி வாங்கும். மழைக்காலத்துல நாலு நாளைக்கு நீலமா கிடக்கும்." சுற்றி நின்றவர்கள் எல்லாரும் தங்கள் கையை மடக்கிப் பார்த்தார்கள். இப்போது எங்கள் குழுவிடம் ஒரு பிரம்பு வளையம் இருக்கிறது. பிள்ளைகள் ஒருவர் நடக்க, ஒருவர் நிற்க, மாற்றிக்கொண்டு விளையாடுவார்கள்.

இதிலிருந்தே அடுத்த தவறுக்கு வருகிறேன். பெரியவர்கள் பேசத் தொடங்கும்போது நாம் நேரத்தைப் பார்க்கிறோம். அல்லது அவர்கள் ஆண்டைத் தப்பாகச் சொன்னால் எல்லார் முன்னிலும் திருத்துகிறோம். அப்படித் திருத்திய பிறகு அவர்கள் வாயே திறக்க மாட்டார்கள். ஆண்டு நமக்கு ஆவணத்தில் கிடைக்கும். கிராஞ்சி கேட் மூடியிருந்தபோது லாரிகள் எவ்வளவு தூரம் நின்றன, தஞ்சோங் பகார் நிலையத்தில் பரோட்டாவுக்கு எப்படிக் கூட்டம் என்பது அவர்களிடம்தான் கிடைக்கும். குறிப்பில் "ஐயா சொன்னது" என்று தனியாக எழுதிக்கொண்டு, ஆண்டைப் பிறகு சரிபாருங்கள். ஒலிப்பதிவு செய்ய வேண்டுமென்றால் முதலில் கேளுங்கள். கைப்பேசியை மடியில் மறைத்துவைத்துப் பதிவது பெரிய துரோகம்.

தமிழர் பங்கு பற்றிப் பேசும்போது இரண்டு பக்கமும் சறுக்குகிறோம். சிலர் ஆங்கிலக் குறிப்பைப் படித்துவிட்டு "பிரிட்டிஷார் கட்டினார்கள்" என்று முடித்துவிடுகிறார்கள். சிலர் "எல்லாம் நம் ஆட்கள்தான்" என்று முழங்குகிறார்கள். மலாயா ரயில்வேயில் தடம் பராமரித்த கடும் உழைப்பில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களும், எழுத்தர், ஸ்டேஷன் மாஸ்டர் வேலைகளில் யாழ்ப்பாணத் தமிழர்களும் நிறையப் பேர் இருந்தார்கள். கூடவே மலாய்க்காரர்களும் சீனர்களும் மற்றவர்களும் இருந்தார்கள். கண்ணுக்குத் தெரியும் சாட்சி வேண்டுமென்றால் காமன்வெல்த் டிரைவில் உள்ள ஸ்ரீ முனீஸ்வரன் கோயிலைச் சொல்லுங்கள். அது குயின்ஸ்டவுன் பக்கம் தண்டவாளத்தோரத்தில் ரயில்வே தொழிலாளர்கள் கும்பிட்ட சிறு கோயிலாகத் தொடங்கியது.

சயாம் மரண ரயிலோடு இதைக் குழப்புவது இன்னொன்று. அது 1942-43-இல் ஜப்பானியர் சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே போடவைத்த 415 கிலோமீட்டர் பாதை. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே மாண்டார்கள். நம் பாதையோடு அதற்குத் தொடர்பு உண்டு: சிங்கப்பூரிலிருந்து போர்க்கைதிகளைச் சரக்குப் பெட்டிகளில் அடைத்து இந்த வழியாகத்தான் வடக்கே அனுப்பினார்கள். ஆனால் மக்கள் மாண்ட இடம் வேறு. ஒருமுறை ஓர் ஆன்ட்டி, "எங்க தாத்தா இந்தக் கம்பிச்சடக்கு போடப்போய்த்தான் திரும்பி வரல" என்றார். கம்பிச்சடக்கு என்றால் ரயில் பாதை. சயாமுக்குப் போன தாத்தாவைச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. புதிதாகச் சேர்ந்த தம்பி, "அது வேற ரயில் ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டான். அவர் முகம் விழுந்துபோனது. நடை முடிந்ததும் நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தாத்தா எந்தத் தோட்டத்திலிருந்து போனார் என்று கேட்டேன். அரைமணி நேரம் பேசினார். எது எந்தப் பாதை என்பதை அதன் நடுவில் மெதுவாகச் சொன்னேன், அவரும் கேட்டுக்கொண்டார்.

மொழியிலும் கவனம் வேண்டும். தமிழ் நடை என்று அறிவித்துவிட்டு ஆங்கிலக் குறிப்பை வரிக்கு வரி மொழிபெயர்த்துப் படித்தால் யாருக்கும் ஒட்டாது. 'சமிக்ஞைக் கம்பம்' என்று ஒரு நண்பர் பல மாதம் சொல்லிக்கொண்டிருந்தார். கூட்டத்தில் ஒரு பாட்டி, "கைகாட்டியைச் சொல்றியாப்பா?" என்றார். அதன்பிறகு எல்லாரும் கைகாட்டிதான். யாழ்ப்பாணத்துக்காரர்கள் ரயிலைக் கோச்சி என்பார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களிடம் "மீட்டர் கேஜ்" என்றால் போதும், இரண்டு தண்டவாளத்துக்கு நடுவே ஆயிரம் மில்லிமீட்டர் என்று விளக்கவே வேண்டாம். எழும்பூரிலிருந்து அந்தத் தடத்தில் போனவர்கள் அவர்கள்.

நடை முடிந்தவுடன் வீட்டுக்கு ஓடிவிடுவதும் தவறுதான். எம்ஆர்டியில் ஏறுவதற்கு முன் பத்து நிமிடம் உட்கார்ந்து எழுதிவிட வேண்டும்: பாதையில் எது பழுது, யார் என்ன சொன்னார்கள், எந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. சாயங்காலத்துக்குள் பாதி மறந்துவிடும். என் நோட்டில் போன வாரக் கேள்வி இன்னும் திறந்தபடி இருக்கிறது. இருட்டும் நேரத்தில் ஏணியில் ஏறிக் கைகாட்டி விளக்குக்கு எண்ணெய் ஊற்றுகிறவரைத் தமிழில் என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று ஒரு பெண்பிள்ளை கேட்டாள். வளையம் காட்டித் தந்த பெரியவருக்கும் ஞாபகம் வரவில்லை. ஜோகூரில் இருக்கும் அண்ணனிடம் கேட்டுவிட்டு அடுத்த நடைக்கு வந்து சொல்கிறேன் என்றிருக்கிறார்.