கட்டுநாயக்காவில் இறங்குவோருக்கு: வராத பெட்டியும் வந்து நிற்கும் சொந்தமும்

இலங்கையின் பிரதான விமான நிலையம் என்றாலும் கட்டுநாயக்கா பெரியது இல்லை. ஹீத்ரோவிலும் ரொறன்ரோ பியர்சனிலும் நடந்து பழகியவர் இங்கே வழி தவற வாய்ப்பில்லை. கூட்டம் போகும் பக்கம் போனால் குடிவரவு, அதைத் தாண்டினால் பெட்டி எடுக்கும் இடம், பிறகு சுங்கம், பிறகு வெளிக்கதவு. பலகைகள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் இருக்கின்றன. ஆகவே கட்டடத்தைப் பற்றி எழுத எனக்கு அதிகம் இல்லை. ஆளை வாட்டுவது வேறு விஷயம்.

முதலில் விசா. ஈடிஏ என்ற மின்னணுப் பயண அனுமதி 2012 முதல் நடைமுறையில் இருக்கிறது. அரசாங்கத்தின் சொந்தத் தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். தேடினால் மேலே வருகிற தளங்களில் பல இடைத்தரகர்களுடையவை, அதே அனுமதிக்கு மேலதிகமாகக் காசு பிடுங்குவார்கள். இரட்டைப் பிரஜாவுரிமை எடுத்தவர்கள் இலங்கைக் கடவுச்சீட்டைக் காட்டிவிட்டுப் போகலாம், விசா வேண்டாம். என்னைப் போல எடுக்காமல் இழுத்தடிப்பவர்கள், பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று அச்சடித்த வெளிநாட்டுக் கடவுச்சீட்டை நீட்டும்போது ஒரு கேள்விக்கு ஆயத்தமாக இருங்கள். எப்போது போனீர்கள்? "1998," என்றேன். கேட்ட பிள்ளை அதற்குப் பிறகு பிறந்திருக்கவும் கூடும். சும்மா பேச்சுக்குக் கேட்டது போலத்தான் இருந்தது, முத்திரையையும் குத்தித் தந்துவிட்டார். ஆனால் யுத்த காலத்தில் கொழும்பு வெள்ளவத்தை லொட்ஜில் பொலிஸ் பதிவுத் துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நாள் எண்ணியவனுக்கு அந்தக் கேள்வி சும்மா கேள்வியாகக் காதில் விழாது.

குடிவரவைத் தாண்டியதும் வரும் தீர்வையற்ற கடைகளில் குளிர்சாதனப் பெட்டியும் உடுப்புத் தோய்க்கும் இயந்திரமும் அடுக்கி வைத்திருப்பார்கள். முதல் தரம் பார்ப்பவருக்குச் சிரிப்பு வரும். மத்திய கிழக்கில் உழைத்துவிட்டுத் திரும்பும் ஆக்களுக்கு அது பெரிய உதவி. அந்தச் சலுகை வெளிநாட்டில் இருந்து திரும்பும் இலங்கையருக்கானது, வெளிநாட்டில் நின்ற காலத்தைப் பொறுத்தது. ஊரில் யாராவது "வரேக்க ஒரு பிரிட்ஜ் எடுத்துக்கொண்டு வா" என்று சொன்னால், எனக்கு அந்த உரிமை இல்லை என்று புறப்படும் முன்பே சொல்லிவிடுங்கள். வந்திறங்கிய பிறகு சொன்னால் நம்ப மாட்டார்கள்.

இனிப் பெட்டிக் கதை.

நான் வளைகுடாவில் விமானம் மாறி வந்தேன். முதல் விமானம் பிந்தியது. நான் ஓடிப்போய் அடுத்ததில் ஏறிவிட்டேன், பெட்டி ஏறவில்லை. கட்டுநாயக்காவில் பட்டி சுற்றி ஓயும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். உங்களுக்கு இப்படி நடந்தால் வெளியே ஆக்கள் நிற்கிறார்கள் என்று அவசரப்பட்டுப் போய்விடாதீர்கள். அதே மண்டபத்தில் பெட்டி முறைப்பாட்டு மேசை இருக்கிறது. அங்கே படிவம் நிரப்பி, சிஎம்பி என்ற கொழும்பு விமான நிலையக் குறியீட்டில் தொடங்கும் கோவை இலக்கத்தை வாங்காமல் சுங்கத்தைத் தாண்டக் கூடாது. வெளியே போய்விட்டுத் திரும்ப உள்ளே வருவது பெரும் பாடு. பெட்டியை ஒப்படைக்கும்போது ஒட்டித் தருகிற அந்தச் சின்னத் துண்டுதான் உங்கள் கையில் இருக்கும் ஒரே அத்தாட்சி. பலர் அதை டொபிக் கடதாசியோடு சேர்த்து எறிந்துவிடுகிறார்கள்.

மேசையில் இருந்தவர் பிளாஸ்டிக் உறை போட்ட தாள் ஒன்றை என் பக்கம் திருப்பி வைத்தார். வரிசையாகப் பெட்டிப் படங்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம். எது உங்களுடையது மாதிரி? கறுப்பு, நிமிர்ந்து நிற்பது, கீழே சில்லு. ஏதாவது அடையாளம்? கைபிடியில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறது என்றேன். அவர் பேனையை வைத்துவிட்டு என் முதுகுக்குப் பின்னால் கையைக் காட்டினார். உரியவர் வராமல் இறக்கி வைத்திருந்த பெட்டிகளில் பாதி கறுப்பு, அந்தக் கறுப்பில் முக்கால்வாசிக்குச் சிவப்புத் துணி. எங்கள் ஆக்களுக்கு வேறு நிறத்தில் துணி அகப்படாதோ தெரியாது. பெட்டியைப் பூட்டிய நிலையில் ஒரு படம், திறந்த நிலையில் ஒரு படம் எடுத்துக் கைபேசியில் வைத்திருங்கள்.

அடுத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. லண்டனில் இருந்து ஒருவர் ஊருக்குப் போகிறார் என்ற செய்தி கசிந்தால் போதும், தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரும் "ஒரு சின்னச் சாமான்தான்" என்று வாசலில் வந்து நிற்பார்கள். ஒட்டுப்போட்டு, மார்க்கரால் பெயர் எழுதிய பொதிகள். என்னுடைய உடுப்பு தோள்பையில் இருந்தது. பெட்டி முழுவதும் மற்றவர்களுக்கானது. அதில் முக்கியமானது சித்தப்பாவின் மகனுக்குப் போகிற லப்டொப்.

பெட்டி மறுநாள் விமானத்தில் வரும் என்றார்கள். ஆனால் பூட்டிய பெட்டி, சுங்கம் திறந்து பார்க்க வேண்டும், திறப்பு என்னிடம். நானே வந்தால் அன்றைக்கே எடுக்கலாம். ஊருக்கு அனுப்பச் சொன்னால் எத்தனை நாள் என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. இதற்குள் வெளியில் இருந்து சித்தப்பா வட்ஸ்அப்பில் அழைத்துக்கொண்டே இருந்தார். "பெட்டி இல்லாமல் வெளிக்கிடாதை தம்பி. நாளைக்குத் திரும்ப இவ்வளவு தூரம் ஆர் வாறது?"

வெளியே வந்தபோது அம்மா கம்பித் தடுப்புக்கு அருகில் நின்றார். பருத்தித்துறையில் இருந்து இரவிரவாக வானில் வந்திருக்கிறார்கள், வான் நிறைய ஆக்கள். நான் எந்த நேரமும் வெளியே வந்துவிடுவேன் என்று அம்மா கழிப்பறைக்குக்கூடப் போகவில்லை. எனக்கென்று கட்டிக்கொண்டு வந்த புட்டைத் தான் முதலில் தொடுவதா என்று சாப்பிடவும் இல்லை. சாப்பிடாததால் குளிசையும் போடவில்லை. சலரோகக்காரி. கை நடுங்கிக்கொண்டிருந்தது. புட்டு அந்த வெக்கையில் பழுதாகிவிட்டது. சித்தப்பா என் கையைப் பார்த்துவிட்டு, "அப்ப லப்டொப்?" என்று கேட்டார். நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

ஆகவே: ஊரில் இருந்து யாரையும் விமான நிலையத்துக்கு வரவிடாதீர்கள். வயதானவர்களை ஒருபோதும் வேண்டாம். ஏறத்தாழ 400 கிலோமீற்றர், வானில் ஏழெட்டு மணித்தியாலம், பிறகு வெக்கையில் நிற்பது, பிறகு அதே தூரம் திரும்பிப் போவது. இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அப்பாவின் செத்தவீட்டைக் கைபேசித் திரையில் பார்த்தவன் நான். "நீங்கள் வரவேண்டாம்" என்று அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நீர்கொழும்பில் அறை எடுத்துத் தங்கினோம். மறுநாள் சுங்க அதிகாரி பொதிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, ஆங்கில எழுத்தில் எழுதியிருந்த எங்கள் நீண்ட பெயர்களை எழுத்துக் கூட்டி வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் "இது யார்?" என்று கேள்வி. பாதிப் பேர் யாரென்று எனக்கே தெரியவில்லை. லப்டொப்புக்குத் தீர்வை நான் கட்டினேன். சித்தப்பா அந்தக் கணக்கைப் பற்றி இன்னும் வாய் திறக்கவில்லை.

பெட்டி பிந்தினால் உங்களுக்கு உரிமை உண்டு. அதைக் கேட்டு வாங்க வேண்டும். 1999 ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கைப்படி, பிந்தி வந்த பெட்டிக்கான முறைப்பாட்டை அது கைக்கு வந்து 21 நாளுக்குள்ளும், சேதமான பெட்டிக்கு 7 நாளுக்குள்ளும் எழுத்தில் கொடுக்க வேண்டும். இழப்பீட்டின் உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர். எஸ்டிஆர் என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு, டொலரைவிடப் பெறுமதி கூடியது. உச்சவரம்பு என்றால் அவ்வளவும் தருவார்கள் என்று அர்த்தமில்லை. அவசரத்துக்கு வாங்கிய உடுப்பு, மருந்து எல்லாவற்றின் பற்றுச்சீட்டும் வேண்டும். மருந்து, கடவுச்சீட்டு, நகை, ஒரு மாற்றுடுப்பு கைப்பையில் இருக்கட்டும். மற்றவர் சாமான் வாங்கினால் ஒட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கோபித்தால் கோபிக்கட்டும்.

சிம், காசு மாற்றுவது எல்லாம் வருகை மண்டபத்திலேயே முடிந்துவிடும், வங்கிக் கருமபீடங்களும் அங்கே இருக்கின்றன.

வடக்கே போகிறவர் கொழும்புக்குள் நுழையத் தேவையில்லை. 2013 இல் திறந்த அதிவேகப் பாதை கொழும்புக்கானது. உங்கள் வான் குருநாகல், தம்புள்ள வழியாகவோ, புத்தளம், அனுராதபுரம் வழியாகவோ யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியில் போய் ஏறும். கொழும்பில் அலுவல் இருந்தால் கோட்டைக்கு 187 ஆம் இலக்க பஸ் உண்டு. வெள்ளவத்தையில் இருந்து இரவு பஸ்கள் யாழ்ப்பாணம் போகின்றன. 2014 ஒக்ரோபரில் வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரர் வடக்கே போகப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி எடுக்க வேண்டும் என்று திரும்பவும் கொண்டு வந்தார்கள், 2015 ஜனவரியில் ஆட்சி மாறியதும் எடுத்துவிட்டார்கள். லண்டனில் இன்னும் சிலர் அதைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். யாழ்ப்பாணத்தில் பலாலி 2019 ஒக்ரோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது, சென்னையில் இருந்து வரலாம். வருவது ஏரிஆர் ரக சிறு விமானம். பெட்டி எடையை முதலிலேயே விசாரியுங்கள். சென்னையில் வெளியே இறங்குவதானால் இந்திய விசாவும் வேண்டும்.

திரும்பும்போது மூன்று மணித்தியாலத்துக்குக் குறையாமல் முன்னதாகப் போய்ச் சேருங்கள். புறப்பாட்டு வாசலிலேயே பெட்டிகளை ஸ்கான் பண்ணுவார்கள், விமானம் ஏறும் வாயிலில் இன்னொரு தரம். சில நேரங்களில் பயணிகளை மட்டும்தான் உள்ளே விடுவார்கள். அப்போது வழியனுப்ப வந்தவர்கள் வீதியோரத்தில் நிற்க வேண்டியதுதான். அம்மா அதற்கும் வருவேன் என்றார், வானில் இடமில்லை என்று சொல்லிவிட்டேன். ஐம்பது வருடத்துக்கு மேற்பட்ட பழம்பொருளைத் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. அப்பப்பாவின் ஏட்டுச்சுவடி, அப்பாச்சியின் பித்தளைக் குத்துவிளக்கு என்று தூக்கித் தருவார்கள், முதலில் வயதைக் கேளுங்கள். வீட்டு நெய்யும் லண்டனுக்குப் போகாது. இறைச்சி, பால் சேர்ந்த எதையும் அங்கே சுங்கத்தில் பறித்து எறிந்துவிடுவார்கள். ஒடியல்மாவும் பனங்கட்டியும் கட்டித் தரச் சொல்லுங்கள், கசியாமல் இரட்டைப் பையில்.