அறுபதைத் தாண்டிய கைகளுக்கு ஒரு லேத் தொட்டில்

சின்ன நீராவி எஞ்சின் கட்டுகிறவர்கள் வயது போனதும் "லேத்தை விற்கப் போகிறேன்" என்று தொடங்கிவிடுகிறார்கள். இரும்பு கடையும் அந்த இயந்திரத்தைத் தயவுசெய்து விற்காதீர்கள். எனக்கு 67 வயது, வெள்ளவத்தையில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கராஜில் இன்னும் வேலை செய்கிறேன். போன வருடம் நாரி பிடித்து மூன்று கிழமை படுத்தபோதுதான் யோசித்தேன், என்னை விழுத்தியது லேத் வேலை முழுவதுமா, இல்லை கடையும் துண்டைக் கவ்விப் பிடிக்கும் சக்கை லேத்தில் மாட்டும் அந்த அரை நிமிடமா என்று. அரை நிமிடம்தான். குனிந்து, கையை முன்னுக்கு நீட்டி, அவ்வளவு இரும்பையும் ஆடாமல் பிடிக்க வேண்டியிருக்கிறது. சக்கைத் தாங்கி நிற்கும் ஒரு மரத் தொட்டில் செய்து, அந்தத் தூக்கலை மட்டும் ஒழிப்போம்.

முதலில் சக்கின் எடையைப் பாருங்கள். அதைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறக்கூடாது, சக்கையே தராசில் வைக்கப் பக்கத்தில் யாரையாவது கூப்பிடுங்கள். என் 160 மில்லிமீற்றர் சக் ஒன்பது கிலோ அளவில் நின்றது.

அடுத்தது அளவு. லேத்தின் அடியில் நீளமாக ஓடும் தண்டவாளப் பகுதிதான் படுக்கை; அதன் மேற்பரப்பிலிருந்து, சக் மாட்டும் சுழல் அச்சின் நடுவரை எவ்வளவு உயரம் என்று எடுங்கள், என்னுடையதில் 125 மில்லிமீற்றர். அதில் சக்கின் ஆரத்தைக் கழியுங்கள், 160இல் பாதி 80, மிச்சம் 45. சக்குக்குக் கீழே இருக்க வேண்டிய மரத்தின் தடிப்பு இதுதான். உங்கள் லேத்துக்கு வேறு எண் வரும், என் எண்ணை அப்படியே எடுக்காதீர்கள்.

மரத்துக்கு மொறட்டுவைத் தளபாடப் பட்டறைகளில் மஹோகனி மிச்சத் துண்டு கேட்டுப் பார்க்கலாம். 80 மில்லிமீற்றர் உயரக் கட்டையில் கவராயத்தால் 80 ஆரத்துக்கு வளைவு போட்டு, அடியில் 45 மிஞ்சுகிற மாதிரி வெட்ட வேண்டும். வளைவு வெட்டக் கை வலித்தால் தச்சரிடமே கொடுங்கள், அதில் ஒரு குறைவும் இல்லை. ஒரு மில்லிமீற்றர் கூடுதலாகத் தோண்டினாலும் பரவாயில்லை, மெல்லிய அட்டை வைத்து உயர்த்தலாம், ஆனால் உயரமாக நின்றால் மறுபடி தேய்க்க வேண்டும். கட்டையின் அடியில், படுக்கையின் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே இறுக்கமாக இறங்குகிற மாதிரி ஒரு ரீப்பை அடியுங்கள், அப்போது தொட்டில் பக்கவாட்டில் நகராது. கடற்காற்றில் ஈர மரம் இரும்பைத் துருப்பிடிக்க வைத்துவிடும், அதனால் வார்னிஷ் பூசி வளைவில் எண்ணெய்த் துணி விரியுங்கள்.

மாட்டும்போது பிளக்கைக் கழற்றிவிடுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. சக்கின் தாடைகளை உள்ளே இழுத்துவிட்டு, தொட்டிலோடு சேர்த்துச் சுழல் முனைக்குத் தள்ளுங்கள். முனை மரையுள்ளதென்றால், தொட்டிலுக்குள்ளேயே சக்கைக் கையால் சுற்றிச் சுற்றி முன்னுக்குக் கொண்டுபோகலாம். சக்குக்கும், சுழல் அச்சைத் தாங்கும் தலைப்பெட்டிக்கும் நடுவில் விரல் போகவே கூடாது.

சக்கைக் கழற்றித் தரையில் வைத்தால் செய்ததெல்லாம் வீண். லேத் படுக்கையின் அதே உயரத்தில் பக்கத்திலே ஒரு தட்டு அடித்து, தொட்டிலோடு அதன்மேல் தள்ளிவிடுங்கள்.

இனி வெளிச்சம். வயதான கண்ணுக்குக் கூடுதல் வெளிச்சம் வேண்டும் என்பது தெரிந்ததே, ஆனால் சோக் வைத்த பழைய ரியூப் லைட்டை லேத்துக்கு மேலே போடாதீர்கள். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அந்த விளக்கு வினாடிக்கு 100 தடவை மினுங்கும். நிமிடத்துக்கு 1500 சுற்றில் நான்கு தாடைச் சக்கும், 2000 சுற்றில் மூன்று தாடைச் சக்கும் அந்த வெளிச்சத்தில் நின்றுபோன மாதிரித் தெரியும், நின்றுவிட்டது என்று கை வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. மினுங்காத எல்இடி விளக்கு ஒன்றைத் தேடி வாங்குங்கள். கையுறையும் போடாதீர்கள், லேத் அதைக் கையோடு இழுத்துவிடும். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள், சின்ன வெட்டுக்கும் இரத்தம் நிற்க நேரமாகும் என்பதால், கட்டுத்துணியும் தொலைபேசியும் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

அப்புறம், அடுத்த எஞ்சினை எந்த அளவில் கட்டுவது? நம் ரயில் பாதை ஐந்தரை அடி அகலம். அதில் ஓடும் எஞ்சினை ஐந்து அங்குல அகல மாதிரிப் பாதைக்குச் சுருக்காமல் மூன்றரை அங்குலத்துக்குச் சுருக்கினால் நீளம் 0.7 மடங்கு, எடையோ 0.7 × 0.7 × 0.7, கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. 60 கிலோ எஞ்சின் 20 கிலோவாகிறது. அதையும் தனியாகத் தூக்காதீர்கள். சக்கரம் வைத்த மேசை ஒன்றில் வைத்தே கட்டுங்கள், மேசைக்கு அளவு எடுக்கும்போது வீட்டு வாசலில் நிற்கும் முச்சக்கரவண்டியின் தள உயரத்தையும் அளந்து, மேசையை அதே உயரத்துக்கு வெட்டுங்கள், எஞ்சினைத் தூக்காமல் வண்டிக்குள் தள்ளிவிடலாம்.