உறையிட்ட குச்சி ஐஸும் கோனும்: வாங்கும் முறை, வைக்கும் முறை

பெரிய டப்பா ஐஸ்கிரீமைத் திறக்குந்தோறும் வெளிக்காற்றின் ஈரம் உள்ளே புகுந்து மேற்பரப்பில் பனியாகப் படிகிறது. ஒருவர் ஒரே முறையில் உண்டு முடிக்கும் அளவில் உறையிட்டு வரும் குச்சி ஐஸுக்கும் கோனுக்கும் இத்தொல்லை இல்லை. உறையைப் பிரிப்பவரே கடைசிவரை உண்பவர், பங்கு கேட்கவும் ஆளில்லை. ஆனால் அளவு சிறியதாக இருப்பதாலேயே அவை விரைவில் இளகிவிடும். ஆகவே வாங்கும்போதே கவனம் வேண்டும்.

உறையின் மேல் விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள். குச்சி சாய்ந்திருந்தாலோ, ஓரங்கள் மழுங்கி ஒரு பக்கமாகத் திரண்டிருந்தாலோ, அது ஒருமுறை உருகி மீண்டும் உறைந்தது என்று கொள்ளலாம். அவ்வாறு உறையும்போது நுண்ணிய பனிப்படிகங்கள் பெரிதாகின்றன; ஏறத்தாழ 50 மைக்ரோமீட்டரைத் தாண்டியவை நாக்கில் மணல்போல் நெருடும். வீட்டில் எவ்வளவு குளிரவைத்தாலும் அந்த வழவழப்பு திரும்பாது.

இரண்டு வகைகளை ஒப்பிடும்போது மில்லிலிட்டரைவிடக் கிராமைப் பார்ப்பதே சரி. ஐஸ்கிரீமில் காற்று கலந்திருப்பதால், ஒரே கொள்ளளவுள்ள இரண்டில் எடை குறைந்ததில் பெரும்பாலும் காற்றே மிகுதி.

கடையில் மற்ற பொருள்களை எல்லாம் எடுத்த பிறகு, கடைசியாக இவற்றை எடுத்து, நெருக்கமாக அடுக்கிக் கொண்டுசெல்லுங்கள். வீட்டில் மைனஸ் 18 டிகிரி செல்சியஸில், ஃப்ரீசரின் உட்பகுதியில் வைக்க வேண்டும். கதவுத்தட்டு இதற்கு ஏற்ற இடமன்று. கோனின் மேல் பாரம் ஏற்றக் கூடாது. உட்சுவரில் பூசிய சாக்லேட்டும் எண்ணெயும் கலந்த படலமே ஈரம் ஏறாமல் காத்து அதை மொறுமொறுப்பாக வைத்திருக்கிறது. இம்முறையை 1959இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்து ஸ்பீக்கா நிறுவனம் கையாண்டது. கோன் விரிசல்விட்டால் படலமும் பிளந்து நமத்துப்போகும்.

பால் சேர்ந்த வகைகளை எடுத்தவுடன் கடிக்காமல் இரண்டு மூன்று நிமிடங்கள் பொறுப்பது நல்லது, ஏனெனில் கடுங்குளிரில் நாக்கு மரத்து, இனிப்பும் மணமும் மங்கித் தோன்றும். சாக்லேட் போர்த்திய குச்சி ஐஸை மேல்மூலையிலிருந்து சிறிது சிறிதாகக் கடித்தால் ஓடு பெருந்துண்டாகப் பெயர்ந்து மடியில் விழாது. கோனின் காகிதத்தை ஒரேயடியாக உரித்துவிடாமல், உண்ண உண்ணக் கீழிறக்குங்கள். உட்படலத்தில் மிஞ்சி வழிந்த சாக்லேட் கூர்நுனியில் கட்டியாக உறைந்திருக்கும்.