கோடை வெயிலில் படம் வெளிறாமல் எடுப்பது எப்படி: போன் கேமராவே போதும்

விடுமுறை நாளில் புறநகர்த் தெருக்களில் சும்மா ஒரு சுற்று போய்விட்டு வந்து படங்களைத் திறந்தால், பாதிப் படங்களில் வானம் வெளிறிப்போய் இருக்கும், ஆட்களின் கண் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு நிழல் இருக்கும். இதற்காகப் புதுக் கேமரா வாங்க வேண்டாம். போனிலேயே சரிசெய்துவிடலாம், அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. கிளம்பும் முன்

லென்ஸைத் துணியால் துடையுங்கள். விரல் ரேகை படிந்த லென்ஸில் வெயில் பட்டால் படம் முழுக்கப் புகை மூட்டம்தான். கேமரா அமைப்பில் கட்டக் கோடுகளையும் ஹெச்டிஆரையும் (வெயிலும் நிழலும் ஒரே படத்தில் தெரிய வைக்கும் வசதி) போட்டுவிடுங்கள். அவ்வளவுதான்.

2. உங்கள் நிழலைப் பாருங்கள்

கடிகாரம் வேண்டாம், தரையில் விழும் உங்கள் நிழல் போதும். நிழல் உங்கள் உயரத்தைவிட நீளமாக இருந்தால் சூரியன் 45 டிகிரிக்குக் கீழே இருக்கிறது, முகங்களை எடுக்கலாம். காலடியிலேயே சுருங்கிக் கிடந்தால் ஆட்களை வெட்டவெளியில் நிறுத்தாதீர்கள். அந்த நேரத்துக்கு வேறு வேலை இருக்கிறது, ஐந்தாவதில் சொல்கிறேன்.

3. எக்ஸ்போஷரைப் பூட்டுவது

எனக்குப் பிடிபட நாளானது இந்த இடம்தான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். எக்ஸ்போஷர் என்றால் படத்துக்குள் எவ்வளவு வெளிச்சம் விடுவது என்பது. கேமரா எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் அளவு வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். வெள்ளைச் சுவரை மட்டும் காட்டினால் மங்கலாக்கும், இருட்டான ஷட்டர் கதவைக் காட்டினால் வெளிற வைக்கும். பேருந்து நிறுத்தக் கூரைக்குக் கீழே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், பின்னால் சாலை வெயிலில் கொதிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முகத்தைத் தொட்டால் சாலை காணாமல் போகும், சாலையைத் தொட்டால் ஆள் கறுத்துப்போவார்.

இரண்டுக்கும் நடுவில்தான் போக வேண்டும். முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். ஐபோனில் மஞ்சள் பட்டையில் பூட்டிவிட்டதாக எழுத்து வரும், ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் பூட்டுச் சின்னம் தெரியும். அப்புறம் விரலை எடுத்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் சூரியக் குறியை மெதுவாகக் கீழே இழுங்கள். சாலையில் தார், கோடு, டயர் தடம் எல்லாம் திரும்பத் தெரிய ஆரம்பித்ததும் நிறுத்துங்கள். முகம் கொஞ்சம் இருட்டாக இருக்கும், பரவாயில்லை. நிழலுக்குள் விவரம் ஒளிந்திருக்கும், பிறகு ஏற்றிக்கொள்ளலாம். முழு வெள்ளையாகிப்போன இடத்தில் மீட்டெடுக்க எதுவுமே இருக்காது.

கவனிக்க வேண்டியது இரண்டு. ஒன்று, இந்தப் பூட்டு வெளிச்சத்தோடு ஃபோகஸையும் சேர்த்தே பூட்டும். தூரத்துச் சுவரில் பூட்டிவிட்டுக் கிட்டே நிற்பவரை எடுத்தால் அவர் கலங்கலாக வருவார். இன்னொன்று, வெயிலில் திரையே சரியாகத் தெரியாது, எல்லாப் படமும் இருட்டாக இருப்பதாகத் தோன்றி நாம் வெளிச்சத்தை ஏற்றிவிடுவோம். கையால் திரைக்கு நிழல் கொடுத்துப் பார்த்து முடிவெடுங்கள்.

தனிக் கேமராவில் எல்லா அளவையும் தாங்களே வைப்பவர்களுக்கு பிலிம் காலத்துக் கணக்கு ஒன்று உண்டு: நல்ல வெயிலில் லென்ஸ் துளையை எஃப்/16 வைத்து, ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) 100 என்றால் ஷட்டர் வேகம் 1/100 அல்லது 1/125 விநாடி. இன்றைக்கும் அது பொய்க்காது.

4. நிழலின் ஓரம்

ஆளை நிழலின் ஆழத்துக்குள் தள்ளாதீர்கள். நிழல் முடிகிற கோட்டிலிருந்து ஓரடி உள்ளே, முகம் வெளிச்சத்தைப் பார்க்கும்படி நிற்கச் சொல்லுங்கள். எதிரே வெளிர் நிறச் சுவர் இருந்தால் இன்னும் நல்லது, அது வெளிச்சத்தைத் திருப்பி முகத்தில் அடிக்கும். மரத்தடியில் மட்டும் ஜாக்கிரதை, இலை இடுக்கில் விழும் வெயில் முகத்தைப் புள்ளி புள்ளியாக்கும், தோலில் பச்சை ஏறும்.

5. உச்சி வெயிலில் எதை எடுப்பது

நிழலையே எடுங்கள். ரயில் நிலைய நடைமேம்பாலத்தின் கம்பி நிழல், மொட்டைமாடிக் கொடியில் காயும் துணி, சைக்கிள் நிறுத்தத்தில் வரிசையாக விழும் சக்கர வட்டங்கள். பெயர் பெற்ற இடம் எதுவும் இல்லாத சின்ன ஊர்களில் எனக்குப் பிடித்ததே இவைதான். ஆட்கள் முகம் தெரிய வந்தால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள்.

6. திருத்துவது

படம் திருத்த ஸ்னாப்சீட் செயலி போதும் என்பது என் கருத்து. இலவசம், விளம்பரமும் கிடையாது. நிழலைக் கொஞ்சம் ஏற்றுங்கள், பளீரென்ற பகுதியைக் கொஞ்சம் இறக்குங்கள், நிறத்தை விட்டுவிடுங்கள். தயாராக வரும் ஃபில்டர்களின் பக்கமே போகாதீர்கள், எல்லா ஊரும் ஒரே ஊராகிவிடும்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டுப் பலர் கேட்டது, போன் சூடாகிக் கேமராவே நின்றுபோகிறதே என்று. ஐபோனை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையுள்ள சூழலில் பயன்படுத்தத்தான் ஆப்பிளே சொல்கிறது, கோடை மதியம் அதைச் சுலபமாகத் தாண்டும். உறையைக் கழற்றுங்கள், நிழலில் வையுங்கள், வீடியோவைக் குறையுங்கள். நிறுத்திய காருக்குள் விட்டுப் போகாதீர்கள். சீக்கிரம் ஆறட்டும் என்று குளிர்சாதனப் பெட்டிக்குள் வைப்பது அதைவிட மோசம், உள்ளே ஈரம் கோக்கும்.

ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸில் பனி படர்வதும் அதே ஈரத்தால்தான். துடைக்கத் துடைக்கத் திரும்பப் படரும். கிளம்பக் கொஞ்ச நேரம் முன்பே கேமராவைப் பையோடு வெளியே வைத்துவிடுங்கள், பையைத் திறக்காமல். கண்ணாடி வெளிச் சூட்டுக்கு வந்ததும் பிரச்சினை தீர்ந்தது.