மார்க்கெட் அசையாம கெடக்கா? எஸ்ஐபிய (மாசாமாசம் மியூச்சுவல் பண்டுல போடுறத) நிறுத்துறதுக்கு முன்னால இதப் பாருங்க

2024-ல வண்ணார்பேட்டை டீக்கடையில நின்னா ஸ்மால்கேப் (சின்ன கம்பெனி ஷேர்), ஐபிஓ (மார்க்கெட்டுக்கு புதுசா வர்ற ஷேர்), இதுதான் பேச்சு. மறுவருசம் அதே ஆளுங்க "அண்ணாச்சி, பேசாம பவுனா வாங்கிப் போட்டிருக்கலாம்"ங்காங்க. நடுவுல என்ன ஆயிட்டு? அம்பது பெரிய கம்பெனி ஷேர் விலைய வச்சு போடுற நிஃப்டி இண்டெக்ஸ் 2024 செப்டம்பர்ல 26,200-ஐ தாண்டுச்சு, 2025 ஏப்ரல்ல 22,000-க்கும் கீழ வந்துச்சு, பழைய உச்சத்த தாண்ட 2025 நவம்பர் கடைசி ஆயிட்டு. அவ்வளவுதான். பதினாலு மாசம்.

இதெல்லாம் ஒண்ணுமே இல்ல. ஷேர் ஊழல்ல மாட்டின புரோக்கர் ஹர்ஷத் மேத்தா காலத்துல, 1992 ஏப்ரல்ல, மும்பை மார்க்கெட்டோட இண்டெக்ஸ் சென்செக்ஸ் 4,400-ஐ தாண்டி நின்னுச்சு, 2003 ஏப்ரல்ல பாத்தா 3,000 பக்கம், நடுவுல 2000-ல ஒரு தடவ 6,000 வர போயிட்டு வந்ததோட சரி. 2008 ஜனவரில 21,000, அதத் தாண்டி நிக்க 2013 கடைசி ஆச்சு. ஜப்பான் இண்டெக்ஸ் நிக்கெய்ய கேக்கவே வேண்டாம், 1989 டிசம்பர் உச்சத்த 2024 பிப்ரவரிலதான் தாண்டுச்சு. அதனால 'அஞ்சு வருசம் போட்டா கண்டிப்பா லாபம்'னு எந்த ஏஜெண்ட் சொன்னாலும் தலையாட்டிட்டு வந்துருங்க, நம்பிராதீங்க.

ஏன் இப்படி ஆகுதுன்னா, ஆசையில விலை முன்னாலயே ஓடிருது, கம்பெனி லாபம் பின்னால மெதுவா நடந்து வருது, அது வந்து சேர்ற வர விலை நிக்கும். அந்த நேரம் இண்டெக்ஸ் அசையாது ஆனா பிஇ (கம்பெனியோட வருச லாபத்துக்கு எத்தன மடங்கு விலைங்கற கணக்கு) கொறஞ்சிக்கிட்டே வரும். என்எஸ்இ வெப்சைட்லயே நிஃப்டி பிஇ கெடக்கு, பாத்துக்கலாம்.

சரி, என்ன செய்யணும். மொதல்ல தேங்கிக் கெடக்கது மார்க்கெட்டா உங்க காசான்னு பாருங்க, ரெண்டும் ஒண்ணு இல்ல. உச்சத்துல மொத்தமா போட்டவருக்கும் மாசாமாசம் போட்டவருக்கும் கணக்கு வேற. ஒரு யூனிட் 100, 80, 50, 80, 100 ரூபான்னு போகுதுன்னு வைங்க, ஒவ்வொரு தடவையும் ஆயிரம் போட்டா 65 யூனிட் சேரும், அஞ்சாயிரம் போட்டது 6,500 ஆயிருக்கும், விலை மட்டும் கெளம்புன இடத்துலயே நிக்கும். எப்பவும் இவ்வளவு அழகா வராது, விலை கடைசில எந்திரிக்கலன்னா நட்டம்தான், ஆனா ஆப்ல உச்சத்துல இருந்து எவ்வளவு எறங்கிருக்குன்னு பாக்கத விட்டுட்டு எக்ஸ்ஐஆர்ஆர் (போட்ட தேதிகளயும் கணக்குல எடுத்து வருசத்துக்கு எத்தன சதவீதம் வந்துருக்குன்னு சொல்ற நம்பர்) பாருங்க. அதுவும் ஒரு வருசத்துக்குள்ள உள்ளதுன்னா அந்த நம்பர பெருசா எடுத்துக்க வேண்டாம்.

அடுத்து, என்னப் பொறுத்தவர இதுதான் முக்கியம், ஒவ்வொரு காசுக்கும் தேதி எழுதுங்க. வர்ற தை மாசம் தங்கச்சி கல்யாணம், ரெண்டு வருசத்துல பையனுக்கு காலேஜ் பீஸ், பாளையங்கோட்டைல மனைக்கு அட்வான்ஸ், இப்படி அஞ்சு வருசத்துக்குள்ள எடுக்க வேண்டியது எதுவும் ஷேர்ல இருக்கக் கூடாது. ஏறினப்புறம் எடுக்கலாம்னு காத்துக் கெடக்காம கொஞ்சம் கொஞ்சமா பேங்க் எஃப்டிக்கு மாத்துங்க, ஒரு பேங்க்ல ஒரு ஆளுக்கு அசலும் வட்டியும் சேத்து அஞ்சு லட்சம் வரதான் இன்சூரன்ஸ், அதையும் நெனப்புல வைங்க. பத்து பதினஞ்சு வருசம் கழிச்சு எடுக்கப் போற காச தொடாதீங்க.

உங்க பண்டு மட்டும் படுத்துக் கெடக்கான்னும் பாக்கணும். சும்மா நிஃப்டியோட ஒப்பிடாதீங்க, டிவிடெண்டையும் சேத்த டிஆர்ஐ இண்டெக்ஸோட ஒப்பிடுங்க. மூணு நாலு வருசமா அதுக்கு கீழயே கெடந்தா மாத்தலாம். மாத்தும்போது வரி இருக்கு: வருசத்துக்குள்ள வித்தா லாபத்துல 20 சதவீதம், வருசம் தாண்டினா நிதியாண்டுக்கு ஒண்ணேகால் லட்சத்துக்கு மேல உள்ள லாபத்துக்கு 12.5.

சலிச்சுப் போயி எஃப்அண்ட்ஓ (விலை ஏறுமா எறங்குமான்னு பந்தயம் மாதிரி பண்ற ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வியாபாரம்) பக்கம் போறவங்களும் இருக்காங்க. மார்க்கெட்ட கண்காணிக்கிற செபி 2024-ல போட்ட கணக்குப்படி மூணு நிதியாண்டுல நூத்துக்கு 93 பேர் நட்டம், மொத்தம் 1.8 லட்சம் கோடி. டெலிகிராம்ல டிப்ஸ் குடுக்க தம்பி அந்த மிச்ச ஏழுல இருக்காரான்னு கேட்டுப் பாருங்க, பதில் வராது.

பவுனுக்கு ஓடுறவங்களுக்கு: 2012 கடைசில பவுன் 24,000 பக்கம், 2018 கடைசிலயும் அதே பக்கம்தான். அப்ப நகைக்கடைய யாரும் திட்டல, ஏன்னா நகைய தெனமும் யாரும் ஆப்ல பாக்கல. கொஞ்சம் தங்கம் வச்சிக்கிடுங்க, தப்பே இல்ல, எல்லாத்தையும் வித்து வாங்காதீங்க.

சம்பளம் ஒழுங்கா வந்தா எஸ்ஐபி ஓடட்டும், இன்க்ரிமெண்ட் வர்றப்ப கொஞ்சம் கூட்டுங்க. வேலை ஆட்டம் காணுதுன்னா கூச்சப்படாம கொறைங்க, சீட்டு மாதிரி ஒரு மாசம் கட்டலன்னா யாரும் வீட்டு வாசல்ல வந்து நிக்க மாட்டாங்க. பண்டு கம்பெனி அபராதம் போடாது, ஆனா அக்கவுண்ட்ல காசு இல்லாம திரும்பினா பேங்க் சார்ஜ் புடிக்கும், அதனால கொஞ்ச நாளைக்கு எஸ்ஐபிய நிறுத்தி வைக்கச் சொல்லி குடுக்கதா இருந்தா தேதிக்கு பத்து நாளாவது முன்னாலயே குடுத்துருங்க.